வட்டி பூச்சியத்துக்குக் கீழே போன வருடம்

மகனே,

நேற்று மத்தியானம் சோற்றைப் பிசைந்துகொண்டே நீ கேட்ட கேள்விக்கு நான் ஒரே ஒரு சொல்லில் பதில் சொன்னேன். நீ வேலைக்குச் சேரப்போகும் சுவிஸ் வங்கியிலிருந்து உனக்கு முன்கூட்டியே அனுப்பியிருந்த பயிற்சிக் கோப்புகளைப் பார்த்துவிட்டு, "அம்மா, அவங்கட கோட்ல எல்லா வட்டி வீதத்தோடயும் மூன்றைக் கூட்டிப்போட்டுத்தான் விலை பார்க்கிறாங்க. ஏன் மூன்று எண்டு ஒரு இடத்திலயும் எழுதேல்ல. போன உடன கேட்டா ஏதும் நினைப்பாங்களோ?" என்றாய். நான் "கேள்" என்றேன். அப்பா மீன் முள்ளை ஓரமாக ஒதுக்கிவிட்டு, "முதல் மாதம் வாயைத் திறக்காத. ஆக்களைப் பழகு. பிறகு கேள்" என்றார். நீ எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கை கழுவ எழுந்து போனாய். இரண்டு பேரும் சரியாகத்தான் சொன்னோம் என்று நினைக்கிறேன். ஆனால் ஏன் அப்படிச் சொன்னோம் என்பது உனக்குத் தெரியாது. நீ ஓ.எல். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த வருடத்தில் நான் கொழும்பு வேலையை விட்டுவிட்டு எங்கள் ஊரான முந்தலுக்கே வந்துவிட்டேன். வேலை பிடிக்கவில்லை என்று உனக்குச் சொல்லி வைத்திருந்தோம். அது முழுக்கப் பொய்யுமில்லை, முழுக்க உண்மையுமில்லை. நீ ஞாயிற்றுக்கிழமை விமானம் ஏறுகிறாய். அதற்கு முன் இதை எழுதிவிடுகிறேன். இந்த வேலைக்குப் போகிற மற்றப் பிள்ளைகள் படித்தாலும் எனக்கு ஆட்சேபனை இல்லை.

நான் வேலை செய்த இடம் கொழும்பில் ஓர் அடுக்குமாடியின் ஐந்தாவது தளம். ஐரோப்பாவிலுள்ள சில ஓய்வூதிய நிதிகள் தங்கள் கையில் வைத்திருந்த வட்டி வீதப் பெறுதிகளுக்கு, அதாவது வட்டி ஏறி இறங்குவதை வைத்துக் காசு கைமாறும் ஒப்பந்தங்களுக்கு, காலாண்டுக்கு ஒருமுறை எங்களிடம் விலை கேட்பார்கள். நாங்கள் பைதன் என்ற கணினி மொழியில் எழுதிய நிரல்களை ஓட்டி அறிக்கை அனுப்புவோம். எனக்குப் பக்கத்துக் கதிரையில் ஃபர்ஹானா. புத்தளம் டவுனைச் சேர்ந்தவள், என்னைவிடப் பத்து வயதுக்கு மேல் இளையவள், எங்கள் அறையில் எல்லோரையும் விட வேகமாக நிரல் எழுதுபவள். இருவரும் ஒரே போர்டிங்கில் தங்கியிருந்தோம். வெள்ளிக்கிழமை பின்னேரம் ஒரே புத்தளம் பஸ்ஸில் ஏறுவோம். நான் முந்தலில் இறங்கிவிடுவேன். அவள் கடைசி வரைக்கும் போவாள். உனக்கு அவளைத் தெரியும். நோன்புப் பெருநாளுக்கு வட்டிலப்பம் கொண்டுவந்து தந்த ஃபர்ஹானா மாமி அவள்தான்.

அந்தக் காலத்தில்தான் ஐரோப்பாவில் வட்டி பூச்சியத்துக்குக் கீழே இறங்கியது. முதன்முதல் இதை வீட்டில் சொன்னபோது அப்பா நம்பவேயில்லை. "காசைக் கொண்டுபோய் வங்கியில போட்டா, வச்சிருக்கிறதுக்கு நாங்க அவங்களுக்குக் குடுக்கவேணுமோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். "பிறகு ஏன் போடுறாங்க?" என்றார். பெரிய தொகையை அலுமாரிக்குள் வைக்க முடியாது என்பதைத் தவிர எனக்கும் அப்போது வேறு பதில் தெரிந்திருக்கவில்லை. இறால் பண்ணைக்குக் கடன் எடுத்து, வட்டி எவ்வளவு உயரம் ஏறும் என்பதை மட்டுமே பார்த்துப் பழகியவர் அவர். அவரை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. நாங்கள் பயன்படுத்திய விலைச் சூத்திரத்தை ஆக்கியவர்களும் வட்டி ஒருநாளும் பூச்சியத்தைத் தாண்டிக் கீழே போகாது என்றுதான் நம்பினார்கள். அந்தச் சூத்திரம் எதிர்கால வட்டியை ஒப்பந்த வட்டியால் வகுத்து அதன் மடக்கையை எடுக்கும். வட்டி பூச்சியத்துக்குக் கீழே போய் மறையெண் ஆகிவிட்டால் அந்த மடக்கை கிடையாது. கையால் கணக்குச் செய்கிறவன் அந்த இடத்தில் பேனையை வைத்துவிடுவான். பைதனின் எண் நூலகம் அப்படி நிற்காது. ஓர் எச்சரிக்கை வரியைக் காட்டிவிட்டு, விடை இருக்கவேண்டிய இடத்தில் 'எண் அல்ல' என்ற குறியைப் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். அந்தக் குறி கூட்டவேண்டிய இலக்கங்களில் எங்காவது ஓரிடத்தில் இருந்தால் போதும், கூட்டுத்தொகையும் அதுவாகவே வரும்.

எங்கள் நிரலில் அப்படி வரவில்லை. காரணம், அதற்கு ஒரு வருடம் முன்னரே ஃபர்ஹானா சேர்த்திருந்த ஒரு வரி. காலாவதியான ஒப்பந்தங்களில் மீதிக் காலம் பூச்சியம் என்பதால், பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுத்து அதே குறி வந்துகொண்டிருந்தது. காலாவதியான ஒப்பந்தத்தின் பெறுமதி பூச்சியம்தானே. ஆகவே அந்தக் குறி வந்த இடத்திலெல்லாம் பூச்சியத்தைப் போடும்படி ஒரு வரி எழுதினாள். எச்சரிக்கைகள் திரையை நிறைத்ததால் அவற்றையும் நிறுத்தி வைத்தாள். எங்கள் பகுதித் தலைவர் சுரேன் அதைப் பார்த்து ஒப்புக்கொண்டார். எழுதிய நாளில் அது சரியான வரி. இதை நீ மறக்கக்கூடாது. பிழையான வரிகள் எல்லாவற்றையும் முட்டாள்கள் எழுதுவதில்லை. உலகம் வேறு மாதிரி இருந்தபோது கெட்டிக்காரர்கள் எழுதிய சரியான வரிகள் அவற்றில் பாதி.

ஒரு துறைமுக நகரத்தின் ஓய்வூதிய நிதியும் எங்கள் வாடிக்கையாளர்களில் ஒன்று. கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கியவர்களின் ஓய்வூதியம் அது. அவர்களிடம் 'புளோர்' என்று சொல்லும் சில ஒப்பந்தங்கள் இருந்தன. வட்டி நூற்றுக்கு ஒரு வீதத்துக்குக் கீழே இறங்கினால், குறைகிற வித்தியாசத்தை ஒப்பந்தத்தை விற்ற வங்கி நிதிக்குக் கொடுக்கவேண்டும். சில வருடங்கள் கழித்துத்தான் அவை செயற்படத் தொடங்கும் என்பதால் அதுவரை ஒரு சதமும் கைக்கு வந்திருக்கவில்லை. வட்டி விழ விழப் பெறுமதி ஏறவேண்டிய ஒப்பந்தம் அது. ஏறிக்கொண்டுதான் வந்தது. எதிர்கால வட்டி பூச்சியத்துக்குக் கீழே போன காலாண்டில், அந்த ஒரு வரியால் திடீரெனப் பூச்சியம் ஆனது. நீண்ட அட்டவணையில் அந்தச் சில வரிகளை ஒருவரும் கவனிக்கவில்லை. கவனித்தது, வழக்கப்படி அறிக்கையின் பிரதி போய்ச் சேர்ந்த, ஒப்பந்தத்தை விற்ற வங்கி மட்டும்தான். 'உங்கள் மதிப்பீட்டிலேயே இவற்றுக்குப் பெறுமதி இல்லையே, வீணாக ஏன் வைத்திருக்கிறீர்கள், இரண்டு பக்கமும் ஒன்றும் கொடுக்காமல் மூடிவிடுவோம்' என்று நிதிக்கு எழுதியிருந்தார்கள். நிதியில் அந்த ஒப்பந்தங்களை வாங்கியவர் ஓய்வுபெற்றுப் போயிருந்தார். புதிதாக வந்த ஹென்றிக் என்பவர், திங்கட்கிழமை கையெழுத்து வைக்கப்போகிறோம், பூச்சியம் என்பதை ஒருமுறை உறுதிப்படுத்துங்கள் என்று ஒரு வெள்ளிக்கிழமை மின்னஞ்சல் அனுப்பினார். சரிபார்க்கும் வேலை என்னுடையது.

பூச்சியம் பிழை என்று கண்டுபிடிக்க எனக்குச் சூத்திரம் தேவைப்படவில்லை. ஒப்பந்த வட்டி ஒரு வீதம். சந்தை எதிர்பார்க்கும் வட்டி பூச்சியத்துக்கும் கீழே. கழித்துப் பார்த்தால் ஒன்றுக்கு மேல் வருகிறது. எதிர்பார்த்தபடியே எல்லாம் நடந்தால்கூட வங்கி அந்த வித்தியாசத்தைக் கொடுத்தே ஆகவேண்டும். அதை இன்றைய பெறுமதிக்குக் கொண்டுவந்தால் வருவதுதான் ஆகக் குறைந்த விலை. தளம்பலுக்கான, அதாவது வட்டி இன்னும் ஏறி இறங்கக்கூடும் என்பதற்கான, பெறுமதி அதற்கு மேல். நீ எந்தக் கணித மாதிரியைப் பாவித்தாலும் முதலில் இந்தக் கழித்தலைச் செய்து பார். இன்னொன்று, வட்டி மறையாக இருக்கும்போது, நாளைய காசை இன்றைய பெறுமதிக்குக் கொண்டுவரப் பெருக்கும் கழிவுக் காரணி ஒன்றை விடப் பெரிதாக வரும். நாளை வரப்போகிற காசு இன்றைய காசை விடப் பெறுமதியானது போலத் தெரியும். அதைப் பிழை என்று நினைத்து ஒன்றில் வெட்டிவிடாதே.

நான் சுரேனின் அறைக்குப் போனேன். கெட்ட மனிதர் இல்லை. நான் காட்டியதை இரண்டு நிமிடத்தில் விளங்கிக்கொண்டார்.

"நீங்க சொல்றது சரி. நிரலைத் திருத்துங்கோ. அடுத்த காலாண்டு அறிக்கையில சரியான இலக்கம் போகட்டும்."

"அவங்க திங்கட்கிழமை கையெழுத்து வைக்கப் போறாங்க, சேர்."

"அது அவங்கட முடிவு. நாங்க விலை சொல்றவங்க. ஆலோசனை சொல்றவங்க இல்ல."

"விலையைத்தானே பிழையாச் சொல்லியிருக்கிறம்."

அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். "இப்ப எழுதிக் குடுத்தா போன அறிக்கையும் பிழை எண்டு வரும். ஒப்பந்தத்தை முறிச்சிடுவாங்க. பிறகு வெளியில இருக்கிற அந்தப் பிள்ளையள் ஒருத்தருக்கும் இங்க வேலை இருக்காது. யோசிச்சுக் கதையுங்கோ." அவர் பயம் காட்டவில்லை. நடக்கப்போவதைத்தான் சொன்னார். பின்னால் அப்படியே நடந்தது.

அன்று பின்னேரம் பஸ்ஸில் ஃபர்ஹானா ஜன்னலோரக் கதிரையை எனக்குத் தந்தாள். எங்கள் நிறுவனம் அவளை லண்டன் கிளைக்கு அனுப்பி, அங்கேயே மேற்படிப்பும் படிக்க வைப்பதாகச் சொல்லியிருந்தது. அவளுடைய வாப்பா பல மாதமாக மறுத்துக்கொண்டிருந்தார். அன்று மத்தியானம்தான் போனில் சம்மதம் சொல்லியிருந்தார். "வாப்பா ஓமெண்டுட்டார்" என்று பஸ் ஏறியதிலிருந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். தங்கப்போகும் அறையின் படத்தைக் காட்டினாள். அங்கே குளிருக்கு இரண்டு சோடி காலுறை போடவேண்டுமாம் என்றாள். நீர்கொழும்பு போனது, சிலாபம் போனது. நான் கேட்டுக்கொண்டு வந்தேன். அவளுடைய அந்த ஒரு வரியைப் பற்றியோ ஹென்றிக்கின் மின்னஞ்சலைப் பற்றியோ வாய் திறக்கவில்லை. முந்தலில் இறங்கும்போது, "ஏன் ஒரு மாதிரி ஈக்கிறீங்க?" என்று கேட்டாள். தலையிடி என்றேன்.

மறுநாள் காலை பண்ணை வரம்பில் வைத்து அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தண்ணீரில் கையை வைத்துப் பார்த்தபடியே கேட்டார்.

"ஹென்றிக்குக்கு நீ நேர கோல் எடுத்தா வேலை போகுமா?"

"ஓம்."

"ஃபர்ஹானாவுக்கு?"

"அவளுக்கும்தான்."

"அப்ப அவளுக்கு முதல்ல சொல்லிப்போட்டு எடு."

"சொன்னா என்னால எடுக்க ஏலாது."

அவர் கையை உதறிவிட்டு அடுத்த குளத்தைப் பார்க்கப் போனார். நான் வீட்டுக்கு வந்து, நீ ரியூசனுக்குப் போகும் வரை காத்திருந்து, ஹென்றிக்கைக் கூப்பிட்டேன். அந்தப் பக்கம் சின்னப் பிள்ளைகள் விளையாடும் சத்தம் கேட்டது. இது உங்கள் நிறுவனத்தின் நிலைப்பாடா என்று கேட்டார். இல்லை, என் சொந்தக் கருத்து, ஆனால் நீங்கள் என்னை நம்பவேண்டியதில்லை, ஒரு பேனை எடுங்கள் என்றேன். அந்தக் கழித்தலை அவரே செய்தார். "அப்படியானால் போன அறிக்கை?" என்றார். அதுவும் பிழை என்றேன். குரலில் எந்த மாற்றமும் இல்லாமல் நன்றி சொல்லிவிட்டு வைத்தார்.

அவர்கள் கையெழுத்து வைக்கவில்லை. அந்த ஒப்பந்தங்கள் கையிலிருந்தபடியால் பின்னால் நிதிக்குப் பெரிய தொகை வந்தது என்று கேள்விப்பட்டேன். ஆனால் வார நடுவிலேயே வக்கீல் கடிதம் வந்துவிட்டது. அவர்கள் எங்களோடு செய்திருந்த ஒப்பந்தத்தை முறித்தார்கள். அதைக் கேள்விப்பட்டு இன்னும் இரண்டு வாடிக்கையாளர்கள் போனார்கள். முதலில் என்னைப் போகச் சொன்னார்கள். மாதம் முடிவதற்குள் அந்த அறையே காலியானது. லண்டன் கதையை அதன்பிறகு யாரும் எடுக்கவில்லை. நான் என் பொருட்களை எடுக்கப் போன அன்று ஃபர்ஹானா தன் கதிரையில் இருந்தாள். அழுத முகமில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"வெள்ளிக்கிழம பஸ்ஸுல வரக்குள்ள உங்களுக்குத் தெரியுமா?"

"ஓம்."

அவள் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு என் அழைப்புகளை எடுக்கவில்லை. புத்தளத்தில் கொஞ்சக் காலம் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்துவிட்டு, கலியாணம் முடித்துக் கட்டாருக்குப் போய்விட்டாள் என்று வேறு ஆட்கள் மூலம் அறிந்தேன். பெருநாளுக்கு வட்டிலப்பம் வராதது பற்றி நீ ஒருமுறை கேட்டாய். வெளிநாடு போய்விட்டாள் என்றேன்.

நான் ஏ.எல். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக் கொடுத்தேன். பிறகு வீட்டிலிருந்தபடியே வேறு நிறுவனங்களின் விலை நிரல்களைச் சோதிக்கும் வேலை வந்தது. நீ பைதன் படித்தது அந்த மேசையில்தான். ஆகவே உன் மூன்றுக்கு வருகிறேன். வட்டி மறையெண் ஆனபோது தொழிலில் இருந்தவர்கள் இரண்டு வழி எடுத்தார்கள். ஒன்று, எல்லா வட்டியையும் ஒப்பந்த வட்டியையும் ஒரே அளவால் மேலே தூக்கிவிட்டுப் பழைய சூத்திரத்தையே பாவிப்பது. உன் வங்கியின் மூன்று அதுதான். வட்டி மறை மூன்றுக்குக் கீழே போகாது என்று யாரோ ஒருவர் ஒருநாள் நம்பியதன் அடையாளம் அது. பழைய நம்பிக்கையையே கொஞ்சம் கீழே இறக்கி வைத்திருக்கிறார்கள். அதில் ஓர் ஆபத்து இருக்கிறது. தளம்பலை எந்தத் தூக்கலுக்கு அளந்தார்களோ அந்தத் தூக்கலோடு மட்டுமே அது பொருந்தும். மூன்றை யாராவது இரண்டாக்கிவிட்டுத் தளம்பலை அப்படியே விட்டால் விலை சத்தமில்லாமல் பிழையாகும். இரண்டாவது வழி, வட்டியின் அசைவை வகுத்து விகிதமாகப் பார்க்காமல் கழித்து வித்தியாசமாகப் பார்க்கிற கணித மாதிரி. அதில் மடக்கையே இல்லை, மறையெண்ணும் தடையில்லை. ஆனால் அங்கே தளம்பலின் அலகு வேறு. பழைய மாதிரியின் இருபது வீதத்தைக் கொண்டுபோய் இதில் போட்டால் நம்பவே முடியாத விலை வரும். அது ஒருவகையில் நல்லது, உடனே கண்ணில் படும். கண்ணில் படாத பிழைக்குத்தான் நீ பயப்படவேண்டும். எச்சரிக்கைகளை நிறுத்தாதே. 'எண் அல்ல' என்று வந்தால் நிரல் அந்த இடத்திலேயே நின்றுவிடும்படி எழுது. காலாவதியான ஒப்பந்தத்துக்கு வேறு பாதை வை.

இதெல்லாம் புத்தகத்திலும் இருக்கும். இனிச் சொல்வது இராது.

போன மாதம் அப்பா ஆலங்குடாவில் ஒரு கெஸ்ட் ஹவுஸுக்கு இறால் கொண்டுபோனபோது, மடத்தனமாக வீட்டில் அடைந்து கிடக்காதே என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பட்டம் கட்டிக் கடலில் சறுக்க வருகிற வெள்ளைக்காரருக்காகப் புதிதாகத் திறந்த இடம். கணக்கு மேசையில் இருந்து எழுந்து வந்தவள் ஃபர்ஹானா. கட்டாரிலிருந்து திரும்பிவந்து, மாப்பிள்ளையோடு சேர்ந்து அந்த இடத்தை எடுத்திருக்கிறாள். அப்பாவுக்கு முன்பே தெரியும். என்னிடம் சொல்லாமல்தான் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்.

அவள் எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தாள். காற்று பலமாக இருந்ததால் வெளியே இருந்த மேசைத் துணிகளுக்குக் கல் வைத்திருந்தார்கள். முதலில் அவளுடைய மகளைப் பற்றிக் கதைத்தோம். பிறகு நானாகவே அந்தக் கதையை எடுத்தேன். நான் ஹென்றிக்கைக் கூப்பிடாவிட்டால் அந்தத் துறைமுக ஆட்களின் ஓய்வூதியம் போயிருக்கும் என்றேன்.

"அது எனக்கு விளங்காதா? நான்தானே அந்தக் கணக்க எழுதினேன்" என்றாள். "நீங்க கோல் எடுத்தது சரி. அதுக்கு நான் கோவிக்கல்ல. பஸ்ஸுல எனக்கிட்டச் சொல்லல்லியே. நான் லண்டன் லண்டன் எண்டு பைத்தியக்காரி மாதிரிக் கதச்சிட்டு வாறேன். நீங்க கேட்டுட்டு வாறீங்க."

"சொல்லியிருந்தா நீ பொறுக்கச் சொல்லியிருப்பாய்."

"ஓம். சொல்லியிருப்பேன். அழுதும் இருப்பேன்." கோப்பையை எடுத்துக் கீழே வைத்தாள். "எண்டாலும் எனக்கிட்டச் சொல்லியிருக்கணும்."

நான் மறுத்துப் பேசவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. அவள் அதை எதிர்பார்த்ததாகவும் தெரியவில்லை. அவள் பொறுக்கச் சொல்லியிருந்தால் நான் பொறுத்திருப்பேனா என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பொறுத்திருந்தால் திங்கட்கிழமை அந்தக் கையெழுத்து விழுந்திருக்கும். அதனால் சொல்லாமல் விட்டது சரி என்றுதான் இவ்வளவு காலமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் எதிரே உட்கார்ந்து அதைச் சொன்ன பிறகு அப்படிச் சொல்லிக்கொள்வது கஷ்டமாக இருக்கிறது. அவள் சொன்னது கணக்கைப் பற்றியது இல்லை. தன் வாழ்க்கையில் என்ன நடக்கப்போகிறது என்பதைப் பக்கத்துக் கதிரையில் இருப்பவள் தனக்கு முன்னரே அறிந்துவைத்திருந்ததைப் பற்றியது.

உனக்கும் பக்கத்துக் கதிரையில் ஒருவர் இருப்பார். சில வேளை அந்த மூன்றை எழுதியவரே அவராக இருக்கலாம். நல்ல மனிதராக இருப்பார், உனக்கு வேலை பழக்கித் தருவார், வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுவார். ஒரு நாள் அவருடைய ஒரு வரி பிழையாகிவிட்டது என்றும், அது வெளியே தெரிந்தால் அவர் வேலை போய்விடும் என்றும், தெரியாவிட்டால் யாரோ முகம் தெரியாதவர்களின் காசு போய்விடும் என்றும் நீ கண்டுபிடிக்கலாம். அந்த நாள் வராமலும் போகலாம். வந்தால் முதலில் அவரிடம் போ. கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொல். கோபப்பட்டால் கேட்டுக்கொண்டிரு. அழுதால் பக்கத்தில் இரு. பொறுக்கச் சொல்லிக் கெஞ்சினால், பொறுக்க ஏலாது என்று அவருடைய முகத்தைப் பார்த்தே சொல். அதன் பிறகு வெளியே வந்து தொலைபேசியை எடு.

அம்மா